ஒத்தைப் பனைக்கு எதிரே

கிளமென்ட் தானாகப் போய்ச் சாகவில்லை. இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது. யார் மேல் என்று கேட்டால், முதலில் ஊர் மேல். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டால் என் மேல்.

ஊர் சொன்னது இதுதான். பூதலூரில் டிராக்டர் ஓட்டிப் பிழைத்த கிளமென்ட், ஐம்பத்து மூன்று வயது, நீச்சல் தெரியாதவன், போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெள்ளம் திறந்துவிட்ட கொள்ளிடத்தில் போய் இறங்கினான். செல்போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனான். மனைவியிடம் புது ஆற்றுக்குப் போவதாகப் பொய் சொன்னான். எந்த வாரமும் தவறவிடாத ஞாயிறு பூசைக்கு அன்று போகவில்லை. வண்டியைக் கரையில் நிறுத்தாமல் கருவேல முள்ளுக்குள் தள்ளி மறைத்திருந்தான். தை மாதத்து மழையில் அவனுடைய ஒன்றரை ஏக்கர் சம்பா சாய்ந்து, கதிரிலேயே முளைத்துப் போயிருந்தது. இதையெல்லாம் கூட்டிப் பார்த்து ஒரு முடிவுக்கு வர ஊருக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

அத்தனைக்கும் எனக்குக் காரணம் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தும் முப்பது நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

நாங்கள் மூன்று பேர். நான் மணிவண்ணன், ரயில்வே கேட் பக்கத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன். ஹஸ்ஸானுக்குப் பஸ் ஸ்டாண்டில் ஜெராக்ஸ் கடை. மூன்றாவது ஆள் கிளமென்ட். பதினோரு வருடமாக ஞாயிற்றுக்கிழமை என்றால் புது ஆறு என்கிற கால்வாயின் மதகடியில் தூண்டிலோடு உட்கார்ந்திருப்போம். நானும் ஹஸ்ஸானும் விடியும்போதே போய் நல்ல இடமாகப் பிடித்துக்கொள்வோம். கிளமென்ட் முதல் பூசை முடித்து, வெள்ளைச் சட்டையைக் கழற்றி வண்டிப் பெட்டியில் மடித்து வைத்துவிட்டு, எட்டு மணிக்கு வந்து மிச்சமிருக்கிற இடத்தில் உட்காருவான்.

உட்காருவதும் மேல் படியில்தான். வயது பத்தொன்பதிலிருந்து முழங்கால் சேற்றில் கிடந்தவன், ஆனால் ஓடுகிற தண்ணீர் என்றால் பயம். கால் நனைகிற படிக்கு இறங்க மாட்டான். சின்ன மீன் மாட்டினால் முள்ளை மெதுவாகக் கழற்றித் தண்ணீரில் விட்டு, “போ, போயி ஒங்கப்பன அனுப்பு” என்பான். பதினோரு வருடமாக ஒரு அப்பனும் வந்ததில்லை.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. வாரம் ஒருவர் முறை வைத்து, அந்த வாரத்தில் தான் பிடித்த மீனை வீட்டில் குழம்பு வைத்துக் கொண்டுவர வேண்டும். பத்து மணிக்குத் தூண்டிலைச் சுருட்டிவிட்டு, இட்லிக்கு அந்தக் குழம்பை ஊற்றிச் சாப்பிடுவோம். மீன் பிடித்த நேரத்தைவிட யார் வீட்டுக் குழம்பு உசத்தி என்று சண்டை போட்ட நேரம்தான் அதிகம்.

“அமலோற்பவம் வைக்கிற கெண்டக் கொழம்புல கை வச்சா மூணு நாளைக்கு மணக்கும்யா” என்று மனைவியைப் பற்றிப் பீற்றுவான் கிளமென்ட்.

“ஏன், ஒங்க வீட்டுல சோப்பு வாங்கறது இல்லையா?” என்பான் ஹஸ்ஸான்.

“நீ பேசாத. ஒன் வீட்டுல ஆத்து மீனையே உள்ள விட மாட்டாங்க. நீயே ஆக்கி நீயே கொண்டாந்து ‘வீட்டுக்காரி வச்சது’ங்குற.”

“கண்டுபிடிச்சிட்டியா? எப்புடி?”

“உப்பு தெரியுதே.”

என் மனைவி அனுசுயா பூம்புகார்ப் பக்கத்துக் கடற்கரைக்காரி. அப்பா, அண்ணன், தம்பி எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். எங்கள் ஆற்று மீனை அவள் மீனாகவே மதிப்பதில்லை. ஆனால் அவள் கை பட்டால் அது வேறு ருசி. அதனால் என் முறை வரும் வாரம் இருவரும் காலையில் பட்டினியாக வருவார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அது தூண்டில்காரன் எவனுக்கும் உள்ளது. மீன் கிடைக்கும் இடத்தைச் சொல்லக் கூடாது. வார நாளில் தனியாக ஓர் இடம் கண்டுபிடித்தால், அங்கே போகும்போது போனை எடுத்துப் போகக் கூடாது, மற்றவன் கூப்பிட்டு “எங்க இருக்க?” என்று கேட்டு, சத்தத்தை வைத்தே இடத்தைப் பிடித்துவிடுவான். வண்டியை ரோட்டில் தெரிகிற மாதிரி நிறுத்தக் கூடாது. வீட்டில் கேட்டாலும் வேறு பேர் சொல்ல வேண்டும். ஏனென்றால் வீட்டில் சொன்னது மறுநாளே கடைத்தெருவுக்கு வந்துவிடும். நானும் ஹஸ்ஸானும் இதையெல்லாம் செய்து ஒருவரையொருவர் ஏமாற்றி, பிறகு சொல்லிச் சிரித்திருக்கிறோம். கிளமென்டுக்குப் பொய் வராது. பொய் சொன்னால் காது சிவந்துவிடும். அதைவிட மோசம், அடுத்தவன் சொல்வதை அப்படியே நம்புவான்.

போன வருடம் வைகாசியும் ஆனியும் எனக்கு ஒன்றும் மாட்டவில்லை. இரண்டு பேரும் என்னைத் “தண்ணிக் காவக்காரர்” என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். “காவக்காரரே, தண்ணி பத்திரமா இருக்கா?” என்று ஹஸ்ஸான் கேட்பான். கிளமென்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். வேடிக்கைதான். ஆனால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த சங்கதி. என் முறை வாரம் வந்தபோது, சந்தைக்குப் போய், தகரத்தில் தண்ணீர் ஊற்றி உயிரோடு வைத்திருந்த விராலில் பெரியதாக ஒன்று வாங்கினேன்.

அனுசுயா அதைச் சாம்பல் போட்டுத் தேய்க்கும்போதே கேட்டாள். “புடிச்ச மீனுன்னா வாயில முள்ளு குத்துன காயம் இருக்குமே? இதுல ஒண்ணையும் காணுமே?”

“நீ ஆக்கு.”

“தலையப் பாத்தா அவங்களும் கண்டுபுடிச்சிருவாங்க. நான் எடுத்து வச்சுக்கிறேன்” என்று சிரித்தாள். அப்போது அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

அந்த ஞாயிறு டிபன் கேரியரைத் திறந்ததும் ஹஸ்ஸான் எழுந்து நின்று சலாம் வைத்தான். மாங்காய் போட்டு, வெந்தயம் வறுத்துப் பொடித்துத் தூவி, முதல் நாளே வைத்த குழம்பு. கிளமென்ட் முதல் வாய் எடுத்ததும் கேரியருக்குள் கரண்டியை விட்டுத் துழாவினான். பிறகு, “தல எங்கய்யா?” என்றான். அவனுக்கு மீன் தலை என்றால் உயிர்.

“தல வீட்டுக்காரிக்கு” என்றேன்.

“எங்க புடிச்ச?”

“சொல்லுவனா?”

ஹஸ்ஸான் கடை திறக்கப் போய்விட்டான். கிளமென்ட் போகவில்லை. தூண்டிலை வண்டியில் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தான். “மணி, எனக்கு மட்டும் சொல்லுய்யா. வேளாங்கண்ணி மாதா மேல சத்தியமா யார்கிட்டயும் வாயத் தொறக்க மாட்டேன். அமலோற்பவத்துக்கிட்டகூட சொல்ல மாட்டேன்” என்றான்.

அப்போது நான் ‘சந்தையில வாங்கினேன்டா’ என்று சொல்லியிருக்கலாம். ஆறு மாதம் கேலி செய்திருப்பார்கள். செத்தா போயிருப்பேன்?

அதற்கு முந்தின மாதம் ஒரு கல்யாணத்துக்காக பஸ்ஸில் கொள்ளிடம் பாலத்தைத் தாண்டிப் போயிருந்தேன். ஜன்னல் வழியாக வடகரையில் ஒரு ஒத்தைப் பனையும், அதற்கு எதிரே மணலுக்கு நடுவில் பச்சையாக ஒரு குட்டையும் தெரிந்தன. மணல் அள்ளின பள்ளமாக இருக்க வேண்டும். அது நினைவில் இருந்தது. “கொள்ளிடம். பாலத்துக்குக் கெழக்க ஒத்தப் பன நிக்கும். அதுக்கு எதுத்தாப்புல ஒரு குட்ட. விடியக்காலத்துலதான் கடிக்கும்” என்றேன். அவன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். மிச்சக் குழம்பு இருந்த என் கேரியரை, “அமலோற்பவம் திங்கட்டும், அப்பதான் அதுக்கும் புத்தி வரும்” என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனான்.

அதோடு விட்டிருந்தால்கூட ஒரு வாய்ச் சொல் என்று இருந்திருக்கும். அடுத்த ஞாயிறு, ஹஸ்ஸான் மண்புழு தோண்டப் போன நேரம் பார்த்து, கிளமென்ட் என் பக்கம் நகர்ந்து வந்து மெதுவாகக் கேட்டான். “அந்தக் குட்ட, மணல்திட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமாய்யா?”

நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. “அந்தப் பக்கம். திட்டத் தாண்டி உள்ள போவணும்.”

அதற்கடுத்த ஞாயிறு அவன் மதகுக்கு வரவில்லை. “பொண்டாட்டி கொழம்புல மாட்டிக்கிட்டான் போல” என்றான் ஹஸ்ஸான். போன் போட்டான். அமலோற்பவம் எடுத்தார். “ஒங்ககூடத்தாங்க வந்தாரு. இருட்டு பிரியறதுக்கு முன்னாடியே கெளம்பிட்டாரு. புது ஆறுதான்னு சொன்னாரு” என்றார். ஹஸ்ஸான் போனை வைத்துவிட்டு, “திருட்டுப்பய, தனியா எடம் பாத்துட்டான்யா” என்றான். நானும் சிரித்தேன். எனக்கு அந்தப் பனை நினைவுக்கே வரவில்லை. அதுதான் உண்மை. நான் சொன்ன பொய்யை நானே மறந்திருந்தேன்.

இரண்டு மணிக்கு அமலோற்பவம் திரும்பக் கூப்பிட்டார். நான்கு மணிக்குப் புது ஆற்றில் பத்துப் பேர் இறங்கி மதகு மதகாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். கரையில் நின்ற யாரோ, மேட்டூர் நிரம்பி உபரித் தண்ணீரை முந்தின சாயங்காலமே கொள்ளிடத்தில் விட்டுவிட்டார்கள், அது விடியும் நேரத்தில் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது என்று பேச்சுவாக்கில் சொன்னார். கொள்ளிடக் கரை ஊர்களில் மைக் வைத்து அறிவித்தார்களாம். பூதலூரில் யாரும் அறிவிக்கவில்லை. கொள்ளிடம் எங்கள் ஊர்ப் பக்கம் ஓடவில்லை, எங்களுக்கு அது எதற்கு?

அப்போதுதான் எனக்கு அந்தப் பனை நினைவுக்கு வந்தது.

“கொள்ளிடப் பக்கமும் ஒரு எட்டு பாத்துருவோம்” என்றேன். “அங்க எதுக்கு அவன் போறான்?” என்றான் ஹஸ்ஸான். “சும்மா பாப்போம்” என்றேன். அங்கேயே ஆரம்பித்துவிட்டது என் கோழைத்தனம்.

நாங்கள் போய்ச் சேரும்போது இரு கரையும் தொட்டுத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மணலும் இல்லை, குட்டையும் இல்லை, திட்டும் இல்லை. பனை மட்டும் நின்றது. அவன் வண்டி முள்ளுக்குள் இருந்தது. பெட்டிக்குள் வெள்ளைச் சட்டை மடித்து வைத்திருந்தது. சீக்கிரம் முடிந்தால் இரண்டாம் பூசைக்காவது போய்விடலாம் என்று எடுத்து வந்திருப்பான். அதைப் பார்த்து ஹஸ்ஸான் ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதான். எனக்கு அழுகை வரவில்லை.

மூன்றாம் நாள் வெகு தூரம் கிழக்கே, நாணலில் ஒதுங்கிக் கிடைத்தான்.

பங்குச் சாமியார் ஒரு குறையும் வைக்காமல் அடக்கம் செய்துவைத்தார். பேசியது ஊர்தான். பக்கத்து வீட்டு ரெத்தினம் சாவு வீட்டுப் பந்தலிலேயே ஆரம்பித்துவிட்டார். “போன ஏன் வச்சுட்டுப் போறான்? வண்டிய ஏன் ஒளிச்சு வைக்கிறான்? மனுசனுக்கு மனசு விட்டுப் போச்சு.” போலீஸ்காரரும் அதையேதான் கேட்டார். அமலோற்பவம் வந்தவர்கள் எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். “அவரு ஏங்க அங்க போனாரு?” என்னிடமும் கேட்டார். “அண்ணே, ஒங்ககிட்ட எதாவது சொன்னாராண்ணே? எங்கிட்ட சொல்லாத வருத்தம் எதுவும் அவருக்கு இருந்துச்சா?”

“தெரியலியேம்மா” என்றேன்.

ஒன்று செய்திருக்கலாம். அவன் விரால் பிடிக்கப் போனான் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். சொன்னால், யார் சொல்லிப் போனான் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொன்னால், நீ அங்கே பிடித்தாயா என்று கேட்பார்கள். ஒரு பொய்யன் என்று பேர் வாங்குவதற்குப் பயந்து, ஒரு நல்லவனுக்குத் தானாகப் போய்ச் செத்தவன் என்ற பேர் நிற்கட்டும் என்று விட்டேன். கடையில் காயில் சுற்றும்போது சுற்று எண்ணிக்கை தவறி, இரண்டு மோட்டாரைப் புகைய விட்டேன்.

இருபத்தெட்டாம் நாள் அனுசுயா அமலோற்பவத்திடம் துக்கம் விசாரிக்கப் போய்விட்டு வந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

“அந்தப் பொண்ணு இப்ப மீனே ஆக்குறது இல்லையாம். நம்ம கொழம்பக் கொண்டாந்து குடுத்து, ‘இப்புடி வைக்கத் தெரியுதா ஒனக்கு’ன்னாராம். அதுக்கு அது, ‘மொதல்ல ஒரு விரால் புடிச்சிட்டு வாங்க, அப்பறம் கொழம்பப் பேசுங்க’ன்னுச்சாம். அந்தச் சொல்லு பொறுக்காமத்தான் போயி உயிர விட்டுட்டாரோன்னு அழுவுது.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “அந்த விரால எங்க புடிச்சதுன்னு அவருகிட்ட சொன்னீங்க?”

நான் எழுந்து கொல்லைப் பக்கம் போனேன். பதினெட்டு வருடம் கூட இருக்கிறவளுக்குப் பதில் தேவையில்லை. அடுத்த இரண்டு நாளும் தட்டில் சோறு போட்டு மூடி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

முப்பதாம் நாள் பூசை. முடிந்ததும் கோயில் வளாகத்து வேப்ப மரத்தடியில் சாப்பாடு போட்டார்கள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அமலோற்பவத்தைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று மூன்று தடவை எழுந்தேன், மூன்று தடவை உட்கார்ந்தேன். எதிர்வரிசையில் ரெத்தினம் இலையில் ரசத்தை ஊற்றச் சொல்லிவிட்டு, பக்கத்து ஆளிடம், “என்ன பூச வச்சு என்ன? தானாத் தேடிக்கிட்ட சாவுதான?” என்றார். கிளமென்டின் மகள் சான்ட்ரா பரிமாறிக்கொண்டிருந்தாள். அவள் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

எனக்கு உண்மையும் கோபத்தில்தான் வாயில் வரும் போலிருக்கிறது.

“யோவ் ரெத்தினம், வாய மூடுய்யா!” என்று எழுந்தேன். “அவன் சாவப் போவல. மீன் புடிக்கப் போனான். போன வச்சுட்டுப் போனது நாங்க கூப்புட்டு எடத்தக் கண்டுபுடிச்சிருவோம்னு. வண்டிய ஒளிச்சதும் அதுக்குத்தான். தூண்டில் போடுற எவனக் கேட்டாலும் சொல்லுவான். வீட்டுல மாத்திச் சொன்னது ஏன்னா, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு மாதா மேல சத்தியம் பண்ணிருந்தான். எங்கிட்டதான் பண்ணான். அந்த எடத்தச் சொன்னது நான்.”

எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார்கள். இனி பாதியில் விட முடியாது.

“அங்க விரால் புடிச்சேன்னு சொன்னேன். புடிக்கல. அது சந்தையில வாங்குன மீனு. பஸ்ஸுல போவும்போது ஒரு பனமரத்தப் பாத்தேன். அத வச்சு வாய்க்கு வந்ததச் சொன்னேன். ரெண்டு தடவ சொன்னேன். அவன் நம்பிட்டான்.”

ஹஸ்ஸான் என் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தான். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்து, “கட மீனா அது?” என்றான். பதினோரு வருடப் பழக்கத்தில் அவனுக்கு முதலில் வந்த வார்த்தை அதுதான். சொன்ன பிறகுதான் மீதியும் அவனுக்குப் புரிந்தது. சாப்பிடாத இலையை மூடிவிட்டு எழுந்து போனான். அதற்குப் பிறகு இன்றுவரை அவன் என் கடைப் பக்கம் வரவில்லை.

பந்தி முனையில் நின்றிருந்த அமலோற்பவம் நடந்து வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என்னைப் பார்க்கவில்லை. சாப்பிட உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து, “எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?” என்றார். சத்தமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. ரெத்தினம் தலையைக் குனிந்துகொண்டார். “கேட்டுக்கிட்டீங்கள்ல. இனிமே யாரும் அப்புடிப் பேசாதீங்க. சாப்புடுங்க” என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். கண்ணில் தண்ணீர் இல்லை. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

“அண்ணே, அந்தக் குட்டையில வெரால் இருந்துச்சா? செத்த நேரமாவது அவரு தூண்டில்ல எதுவும் கடிச்சிருக்குமா?”

எவ்வளவோ பொய் சொன்ன எனக்கு, அந்த இடத்தில் ஆமாம் என்று ஒரு பொய் சொல்ல முடியவில்லை.

“தெரியாதும்மா. அவனத் தேடிக்கிட்டுத்தான் நான் அங்க மொதத் தடவ போனேன்.”